ஸ்பேர் போட்ட சனிக்கிழமை

“இது என் நேரம்.”

“மன்னிக்கணும்... இது என் நேரம்.”

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. உள்விளையாட்டு அரங்கின் தகரக் கூரையில் அது போட்ட சத்தத்தில் இருவருமே கொஞ்சம் உரக்கத்தான் பேச வேண்டியிருந்தது. அவள் கையில் ஒரு ரசீது. அவன் கையிலும் ஒரு ரசீது. இரண்டிலும் புதன்கிழமை மாலை ஆறு மணி, பேட்மின்டன், இரண்டாம் எண் கோர்ட். இரண்டிலும் ஒரே ஆளின் கிறுக்கல் கையெழுத்து.

அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. வராதா பின்னே... ஒரு பஸ் டிப்போவில் உட்கார்ந்து, எந்த டிரைவர் எந்த வண்டியை எத்தனை மணிக்கு எடுக்க வேண்டும் என்று ரோஸ்டர் போடுவதுதான் அவள் வேலை. டிப்போவில் அவளுக்குப் பெயரே ‘ரோஸ்டர் மேடம்’தான். ஒரே வண்டிக்கு இரண்டு டிரைவரை அனுப்பிய பாவத்தை அவள் இதுவரை செய்ததில்லை. அவளையே கொண்டுவந்து இரட்டைப் பதிவில் நிறுத்திவிட்டார்களே...

“நான் ஜனவரியிலேயே பதிவு பண்ணிட்டேன். வருஷம் முழுக்க, எல்லா புதன்கிழமையும்.”

“வருஷம் முழுக்கவா?” அவன் கண்கள் விரிந்தன. “நான் முந்தாநாள்தான் பண்ணேன். நாளைக்கு என்ன பண்ணப் போறேன்னே எனக்குத் தெரியாது.”

“அப்போ நான்தான் முதல்ல.”

“நீங்கதான் முதல்ல, ஒத்துக்கறேன். ஆனா அதிகமா நனைஞ்சது நான்தான். அதுக்கு ஏதாவது சலுகை உண்டா?”

“கிடையாது.”

அரங்கின் காவல்காரர் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். தப்பு தன்னுடையது என்று அவருக்குத் தெரியும். அதனால் குரலில் அதிகாரம் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

“சரி, உங்க கூட ஆட வேண்டிய ஆளு எங்க?”

அவளோடு ஆடவேண்டிய கேஷியர் தோழி, மழையில் வெளியே வர முடியாது என்று சொல்லிவிட்டாள். அவனுடைய அக்கா வீட்டுக்காரரும் அதையே சொல்லிவிட்டார்.

“ஆளுக்கு ஒரு மட்டை இருக்கு. எதிர்ல ஆள் இல்ல. இதுக்கு எதுக்கு சண்டை? ரெண்டு பேரும் ஆடிட்டுக் கிளம்புங்க.”

சொல்லிவிட்டு அவர் பெருக்கப் போய்விட்டார். அவள் மறுக்கத்தான் வாயைத் திறந்தாள். அப்போதுதான் அவன் அவளை நேராகப் பார்த்தான்... அப்படி ஒரு பார்வையை அவள் அதுவரை சந்தித்ததே இல்லை. வழிகிற பார்வை இல்லை. தயங்குகிற பார்வையும் இல்லை. முதலில் ஒரு கண்ணை, பிறகு இன்னொரு கண்ணை, நிதானமாக, ஏதோ படிக்கிற மாதிரி...

“என்ன அப்படிப் பாக்கறீங்க?”

“சாயங்காலமானா உங்களுக்குத் தலை வலிக்குமே. இடது பக்கம்.”

வலிக்கும். தினமும் வலிக்கும். அவள் அதை யாரிடமும் சொன்னதில்லை.

“நீங்க டாக்டரா?”

“கண்ணாடிக்கடை. பவர் பாக்கறதும் நான்தான், லென்ஸ் அறுக்கறதும் நான்தான், கடையைப் பெருக்கறதும் நான்தான். நாள் முழுக்க அடுத்தவங்க கண்ணைப் பாத்துப் பாத்து இதே பழக்கமாப் போச்சு. தப்பா நினைக்காதீங்க.”

அவன் இமைகளில் மழைத்துளி இன்னும் நின்றிருந்தது. பழுப்பு நிறக் கண்கள்... சிரிக்கும்போது உதட்டுக்கு முன்னால் கண் சிரித்துவிடும் ஜாதி. இதையெல்லாம் எதற்குக் கவனிக்கிறோம் என்று தன்னையே அதட்டிக்கொண்டு அவள் மட்டையை எடுத்தாள்.

இருவருக்கும் ஆடத் தெரியவில்லை என்பது பந்து இரண்டு முறை போய்வருவதற்குள் வெளிச்சமாகிவிட்டது. அவள் அடித்தது அவன் தலைக்கு மேலே போனது. அவன் அடித்தது வலையோடு சரி. ஏழு மணிக்கு விளக்கை அணைத்தபோது, யார் ஜெயித்தது என்று கேட்கக்கூட இருவருக்கும் வெட்கமாக இருந்தது.

“அடுத்த புதன் வேற கோர்ட் பாத்துக்கறேன்,” என்றான் அவன்.

“வேண்டாம்...” என்றாள் அவள், ஷூ கயிற்றை அவிழ்ப்பதுபோல் குனிந்துகொண்டு. “என் ஃபிரெண்ட் மழைக்காலம் முடியற வரைக்கும் வரமாட்டா.”

கேஷியர் தோழி அப்படிச் சொல்லவே இல்லை.

*

போன வருஷக் கடைசியில் அவள் டிப்போ மேஜையிலேயே மயங்கி விழுந்தாள். பெரிய வியாதி ஒன்றுமில்லை. தூக்கமில்லை, சாப்பாடு நேரத்துக்கு இல்லை, அவ்வளவுதான். ஆனால் ஆஸ்பத்திரியில் ஊசி போட்ட அந்த லேடி டாக்டர் சும்மா பேச்சுக் கொடுப்பதுபோல ஒன்று கேட்டார். “கடைசியா உங்களுக்குப் பிடிச்சதுன்னு என்னம்மா பண்ணீங்க?”

அவள் யோசித்தாள்... யோசித்துக்கொண்டே இருந்தாள். ஒரு வருஷத்தைப் புரட்டிப் பார்த்தும் பதில் இல்லை. அந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டு அவள் பட்ட அவமானம் மயங்கி விழுந்ததைவிடப் பெரிது. அத்தனை டிரைவர்களுக்கும் வாராந்திர ஓய்வு பிசகாமல் போட்டவள், தனக்கு ஒரு நாள்கூடப் போட்டுக்கொள்ளவில்லை.

புது வருஷம் பிறந்த அன்று அலமாரிக் கதவின் உட்பக்கம் வருஷம் முழுவதையும் காட்டும் ஒரே தாள் காலண்டரை ஒட்டினாள். நான்கு நிறத்தில் சின்ன வட்ட ஸ்டிக்கர்கள் வாங்கினாள். சிவப்பு வேலைக்கு. பச்சை உடம்புக்கு. மஞ்சள் வீட்டுக்கு. நீலம்... ஒரு பிரயோஜனமும் இல்லாமல் தனக்கே தனக்கென்று செய்வதற்கு. எதற்கு நேரம் கொடுத்தாளோ அந்த நிறம் அன்றைய கட்டத்தில் ஏறும். மாசக் கடைசியில் தள்ளி நின்று பார்ப்பாள். ஏதாவது ஒரு நிறம் மற்றதைத் தின்றிருந்தால் அடுத்த மாசம் அதை அடக்கி வைப்பாள்.

அம்மா ஒருநாள் துணி வைக்க வந்தவள், கதவைத் திறந்தபடியே நின்றுவிட்டாள்.

“இதுல கல்யாணத்துக்கு எந்தக் கலர்டி?”

“இந்த வருஷம் அதுக்கு இடம் ஒதுக்கலம்மா.”

“ஆமா, நீ இடம் ஒதுக்கினப்புறம் கதவைத் தட்டிட்டு வரும் பாரு அது.” அம்மா துணியை வைத்துவிட்டு முணுமுணுத்துக்கொண்டே போனாள்.

அம்மா என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். அவள் பிடித்த பிடியில் நின்றாள். அரை வருஷத்தில் தூக்கம் வந்தது, முகத்தில் களை வந்தது, அம்மாவோடு உட்கார்ந்து அரட்டை அடிக்க நேரம் வந்தது. பாடுபட்டு மீட்டெடுத்த வாழ்க்கை இது. இதை இனி எதற்கும், யாருக்கும் மொத்தமாகத் தூக்கிக் கொடுப்பதில்லை என்று தீர்மானமாக இருந்தாள்.

புதன்கிழமைக்குப் பச்சை ஸ்டிக்கர். ஓடி ஆடுகிறாளே, உடம்புக்கு நல்லதுதானே... சில வாரம் கழித்து அந்தப் பச்சைக்குப் பக்கத்தில் ஒரு நீலமும் சத்தமில்லாமல் வந்து ஒட்டிக்கொண்டது. அதற்கு அடுத்த வாரம் நீலம் மட்டும். பச்சையை ஒட்ட மறந்தே போனாள்.

அவன் ஒரு புதன்கூட நேரத்துக்கு வந்ததில்லை. அதுதான் அவனிடம் ஒரே குறை. கடையை மூடும் நேரத்தில் யாராவது வந்து நிற்பார்கள். இவனுக்கு முடியாது என்று சொல்ல வராது.

“ஆறு மணின்னா உங்க கடிகாரத்துல எத்தனை மணி?”

“மேடம், நான் உங்க டிரைவரா இருந்தா என்ன பண்ணுவீங்க?”

“சஸ்பெண்ட் பண்ணியிருப்பேன்.”

“நல்ல வேளை, எனக்கு பஸ் ஓட்டத் தெரியாது...” என்று சொல்லிச் சிரிப்பான். முதலில் கண். பிறகு உதடு. அவள் கோபம் இருந்த இடம் தெரியாமல் போய்விடும். அந்த வேகம்தான் அவளைப் பயமுறுத்தியது. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவன் பேச்சே காதில் ஓடும். ரோஸ்டர் போடும்போது நடுவில் அவன் முகம் வரும். போன வருஷம் வேலை தின்றதுபோல இந்த வருஷத்தை இவன் தின்றுவிடுவானோ...

*

“சனிக்கிழமை சினிமாவுக்குப் போலாமா?” என்று அவன் கேட்டபோது மழை விட்டிருந்தது. அரங்கு வாசலில் தேங்கிய தண்ணீரைத் தாண்ட அவள் கை நீட்டினாள். அவன் பிடித்துக்கொண்டான். தாண்டிய பிறகும் இருவருக்கும் விடத் தோன்றவில்லை...

“போலாம். டிக்கெட் நான் எடுக்கறேன்,” என்றாள். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் தொழில் புத்தி யாரை விட்டது?

டிப்போவில் ஒவ்வொரு ஷிப்டுக்கும் டிரைவரோடு சேர்த்து இன்னொரு ஆளும் போட்டு வைப்பார்கள். ‘ஸ்பேர்’ என்று பெயர். வண்டி கிளம்புவதற்குப் பத்து நிமிஷம் முன்னால்வரை டிரைவர் வரவில்லையென்றால் ஸ்பேர் ஏறி உட்கார்ந்து எடுத்துக்கொண்டு போய்விடுவார். கோபம் கிடையாது, வருத்தம் கிடையாது, பயணிகள் யாரும் வழியில் நிற்கப் போவதும் கிடையாது. இத்தனை வருஷமாக அவள் ஸ்பேர் இல்லாமல் ஒரு பெயரைக்கூட எழுதியதில்லை. சனிக்கிழமைக்கும் அவனுக்கு ஒரு ஸ்பேர் போட்டு வைத்தாள்... தன் சித்தி பொண்ணை.

சித்தி பொண்ணு தியேட்டருக்கு எதிரே டீக்கடையில் காத்திருந்தாள். ஓசிப் படம் என்றால் மழையாவது வெயிலாவது அவளுக்கு. படம் தொடங்கப் பத்து நிமிஷம் இருந்தது. அவனைக் காணோம். அவள் கையைக் காட்டினாள். சித்தி பொண்ணு துள்ளிக்கொண்டு ஓடிவந்தாள்.

இருவரும் வாசல் படியேறும்போது பின்னால் தடதடவென்று காலடிச் சத்தம். அவன்தான். தலையிலிருந்து கால்வரை நனைந்து, மூச்சு வாங்க...

“வந்துட்டேன்... மன்னிச்சுக்கங்க... வந்துட்டேன்.”

“ஓ, நீங்கதானா அவரு?” சித்தி பொண்ணு வாயெல்லாம் பல்லாகச் சொன்னாள். “நான் உங்க ஸ்பேர். நீங்க வரலன்னா போறதுக்கு அக்கா என்னைப் போன வாரமே சொல்லி வெச்சிருந்தா.”

அவன் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல இறங்கியது. கண்ணிலிருந்து முதலில். அவள் அதைப் பார்த்தாள்.

“போன வாரமேவா...” என்றான். “நான் வரமாட்டேன்னு அப்பவே முடிவு பண்ணிட்டீங்க.”

“வரலன்னா என்ன பண்றதுன்னுதான் முடிவு பண்ணேன். ரெண்டும் வேற.”

“எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது மேடம்.”

“நீங்க நேரத்துக்கு வந்திருந்தா இவ டீ குடிச்சிட்டு வீட்டுக்குப் போயிருப்பா. உங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது.”

அது ஆறுதலா, குற்றச்சாட்டா? சொன்ன அவளுக்கே தெரியவில்லை. அவன் தலையை ஆட்டினான். “படம் போட்டுடுவாங்க. போங்க,” என்று சொல்லிவிட்டு வந்த வழியே மழையில் நடந்தான். ஓடிவந்தவன் இப்போது அவசரமே இல்லாமல் நடந்தான். அவள் படியிலேயே நின்று பார்த்தாள். கூப்பிடவில்லை. லேட்டாக வந்தது அவன். இதில் நான் ஏன் இறங்கிப் போகவேண்டும்?

*

அடுத்த புதன் அவன் வரவில்லை. அதற்கடுத்த புதனும் வரவில்லை. கேஷியர் தோழி வந்தாள். உண்மையில் அவள் நன்றாக ஆடுவாள். பந்து வலையைத் தாண்டி அழகாகப் போனது, அழகாகத் திரும்பி வந்தது. வியர்த்தது. பச்சை ஸ்டிக்கருக்கு ஒரு குறையும் இல்லை.

வீட்டுக்கு வந்து, முகம்கூடக் கழுவாமல் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். எல்லாம் திட்டப்படி நடந்திருக்கிறது. அவன் இடம் காலியாகக் கிடக்கவில்லை. அப்புறம் எதற்குக் கண்ணில் தண்ணீர்?

டிப்போவில் ஸ்பேர் எடுபடுவதற்கு ஒரே காரணம்தான்... யார் ஓட்டினாலும் பயணிக்கு ஒன்றுதான். ஊர் போய்ச் சேர்ந்தால் சரி. அவளுக்கு அப்படி இல்லை. அவன் ஓட்டாத வண்டியில் அவளுக்குப் போகவே பிடிக்கவில்லை. இதைத் தனக்குத்தானே ஒத்துக்கொண்டபோது அழுகை நின்றுவிட்டது. அதற்குப் பதில் ஒரு பிடிவாதம் வந்து உட்கார்ந்தது. அவனையும் விடுவதில்லை. இந்த வருஷத்தையும் விடுவதில்லை. இரண்டில் ஒன்றைக் கொடுத்தால்தான் இன்னொன்று கிடைக்கும் என்று எவன் சொன்னது?

சனிக்கிழமை மத்தியானம் அரை நாள் லீவு போட்டுவிட்டு அவன் கடைக்குப் போனாள்.

சின்னக் கடை. சுவர் முழுக்க ஃபிரேம்கள். பெஞ்சில் நான்கைந்து பேர். அவன் உள் அறையிலிருந்து எட்டிப் பார்த்தான், பார்த்ததும் கையிலிருந்த துணி நழுவியது.

“பவர் பாக்கணும்,” என்றாள் அவள், பெஞ்சின் கடைசியில் உட்கார்ந்துகொண்டு. “என் முறை வரட்டும். அவசரமில்ல.”

முறை வந்தது. உள்ளே விளக்கணைத்த சின்ன அறை. எதிர்ச் சுவரில் எழுத்துப் பலகை மட்டும் வெளிச்சமாக. அவன் அந்தக் கனத்த இரும்புச் சோதனைக் கண்ணாடியை அவள் மூக்கில் மாட்டினான். அது ஒரு பக்கமாகச் சரிந்தது. அவன் அதை மறுபடி நிமிர்த்தி வைத்தான்.

“சோதனை நடுவுல ஆளை எழுப்பி அனுப்ப மாட்டீங்கல்ல?” என்று கேட்டாள்.

“அது... பழக்கமில்ல.”

“தெரியும். அதனாலதான் இங்க வந்தேன். நான் பேசி முடிக்கற வரைக்கும் நீங்க எங்கயும் போக முடியாது.”

இருட்டில் அவன் சிரித்தானா என்று தெரியவில்லை. ஒரு லென்ஸைப் போட்டான். “மேல் வரிசை படிங்க.”

“அன்னிக்கு ஏன் லேட்டு?”

“... மறுநாள் பரீட்சை எழுதவேண்டிய பொண்ணு. கண்ணாடி உடைஞ்சிருச்சுன்னு அவ அம்மா அழுதுட்டே வந்தாங்க. புது லென்ஸ் மாட்டிக் குடுத்துட்டு வந்தேன்.”

“அதை அன்னிக்கே சொல்லியிருக்கலாம்.”

“சொல்லியிருந்தா நீங்க மன்னிச்சிருப்பீங்க. எனக்கு அன்னிக்குக் கோவமா இருக்கணும்போல இருந்தது.”

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. இரண்டையும் விழுங்கிக்கொண்டாள்.

“சரி, இப்போ நான் சொல்றதைக் கேளுங்க. ஸ்பேர் போட்டது தப்பு. சினிமா டிக்கெட் வீணாப் போகக்கூடாதுன்னு போடல... நீங்க வரலன்னா எனக்கு வலிக்கக்கூடாதுன்னு போட்டேன். அது உங்களை அவமானப்படுத்தினது. இனிமே போடமாட்டேன். நீங்க வராட்டா பக்கத்து சீட்டு காலியாவே கிடக்கும். நான் கோவமா உக்காந்து தனியாப் படம் பாப்பேன்.”

அவன் கையில் இருந்த லென்ஸ் அந்தரத்தில் நின்றது.

“ஆனா என் வருஷத்தை நான் கிழிச்சுப் போட மாட்டேன். எனக்கு அம்மா வேணும், தூக்கம் வேணும், என் வேலை வேணும், சும்மா இருக்கற ஞாயித்துக்கிழமை வேணும். இதெல்லாம் இருந்தாத்தான் நான் நானா இருப்பேன். போன வருஷம் நான் இருந்த மாதிரிதான் நீங்க இப்போ இருக்கீங்க. தினமும் யாருக்காவது ஒரு கண்ணாடி உடையும். கடையைத் தவிர உங்களுக்குன்னு ஏதாவது இருக்கா?”

அவன் லென்ஸைப் பெட்டியில் திருப்பி வைத்தான். பிறகு மெதுவாக, “புதன்கிழமை இருந்துது,” என்றான்.

அந்த நேரம் பார்த்து வெளியிலிருந்து கதவைத் தட்டினார்கள்.

“தம்பி, ரொம்ப நேரமாகுமா? என்னையும் பாத்து அனுப்பிடு.”

அவன் வழக்கம்போலத் திரும்பினான். கதவுவரை போனான். அவள் அசையவில்லை. போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. இது அவன் முடிவு... கதவைப் பாதி திறந்தவன் தலையை மட்டும் வெளியே நீட்டினான்.

“ஐயா... இன்னிக்கு ஆகாதுங்க. நாளைக்குக் காலைல வாங்க. மன்னிச்சுக்கங்க.” குரல் தந்தியடித்தது. வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொல்கிறான் போல.

வெளியே ஒரு முணுமுணுப்பு. பிறகு செருப்புச் சத்தம். அவ்வளவுதான், வானம் இடிந்து விழவில்லை. அவன் கதவைச் சாத்திவிட்டு வந்து, அவள் எதிரில் முக்காலியில் உட்கார்ந்தான். சோதனைக் கண்ணாடியை இரண்டு கையாலும் மெல்லக் கழற்றினான். அவளுடைய ஒரு கண்ணை, பிறகு இன்னொரு கண்ணை, நிதானமாக...

“எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு,” என்றான். “நனைஞ்சதுக்கெல்லாம் சலுகை கிடையாதுன்னு சொன்னீங்களே... அப்பலேருந்து.”

“எனக்கும் பிடிச்சிருக்கு. புதன்கிழமைக்கு மட்டும் இல்ல.” சொல்லிவிட்டு அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். “நாளைக்கு சாயங்காலம் அம்மாகிட்ட சொல்லப் போறேன்.”

“நாளைக்கேவா?”

“தள்ளிப் போட்டா எனக்கு தைரியம் போயிடும். நீங்களும் வீட்டுக்கு வரணும். அம்மா கேள்வி மேல கேள்வி கேப்பாங்க.”

“வரேன். எத்தனை மணிக்கு வரணும்?”

“அஞ்சு மணிக்கு.”

“அஞ்சுக்கு டாண்ணு வந்துடறேன்...”

“வரமாட்டீங்க,” என்றாள் அவள், அவன் கையைப் பிடித்துக்கொண்டு. “கடைசி நிமிஷத்துல யாராவது வருவாங்க. இன்னிக்கு ஒருத்தரை அனுப்பிட்டீங்க, தினமும் முடியாது. பரவாயில்ல. நீங்க வர்ற வரைக்கும் நான் வாசல்லயே நிக்கறேன்.”